ஞாயிறு ஆட்டம், மெடல் ஆட்டம்: விதியின் கோடு எங்கே?

கேள்வி சுருக்கமாக இது: எட்டு மாதமாக கோல்ஃப் ஆடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பேர் சேர்ந்து ஆடும்போது முதல் டீயில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) அடி சொதப்பினால் இன்னொரு பந்து அடித்துக்கொள்வோம். ரஃப்பில், அதாவது உயரமான புல்லில், பந்து மோசமாகக் கிடந்தால் கொஞ்சம் நகர்த்தி வைப்போம். குழிக்குள் உருட்டிவிடும் பட் 2 அடி தூரம்தான் என்றால் "எடுத்துக்கோ" என்று விட்டுவிடுவோம். அடுத்த மாதம் கிளப்பின் மெடல் போட்டிக்கு முதல்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். "நீங்கள் ஆடுவது கோல்ஃபே இல்லை" என்கிறார் ஒரு மூத்த உறுப்பினர். எப்போதுமே விதிப்படிதான் ஆட வேண்டுமா?

வேண்டியதில்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையை மேற்பார்வை பார்க்க எந்த நடுவரும் வரப்போவதில்லை. ஆனால் அந்த மூத்தவர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி எது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

"சும்மா ஆட்டம், போட்டி ஆட்டம்" என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். எனக்கு அந்தப் பிரிவு போதாது. ஆட்டம் முடிந்ததும் உங்கள் கார்டில் உள்ள எண் எங்கே போகிறது என்று பாருங்கள். கிளப் வராந்தாவில் காபியோடு அது முடிந்துவிடுகிறதா? இஷ்டம்போல ஆடுங்கள். அந்த நான்கு பேரைத் தாண்டிப் போகிறதா, ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகளின் எண்ணிக்கை) கணக்குக்கோ போட்டிப் பலகைக்கோ? அப்படியானால் முதல் அடியிலிருந்து கடைசி பட் வரை விதிப்புத்தகம்தான். நடுவில் எதுவும் கிடையாது.

இந்த ஆட்டத்தின் வரலாறே அப்படித்தான் இருக்கிறது. 1457-லேயே ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் கோல்ஃபைத் தடை செய்து சட்டம் போட்டது. ஆட்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் போகிறார்கள் என்ற கவலை. அதாவது அப்போதே ஊரெல்லாம் ஆடியிருக்கிறார்கள். ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் எழுத்து விதிகள் 1744-இல் லீத் ஊரில் எழுதப்பட்டவை. மொத்தம் 13. எடின்பரோ நகரசபை ஒரு வெள்ளிக் கிளப்பை (கோல்ஃப் மட்டை) பரிசாக வைத்துப் போட்டி நடத்தியது, அதற்காகத்தான் எழுதினார்கள். ஏறக்குறைய 300 வருஷம், சேர்ந்து ஆடியவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதே போதுமாக இருந்திருக்கிறது. பரிசு என்று ஒன்று வந்து, பழக்கமில்லாத ஆட்களின் எண்களை ஒப்பிட வேண்டி வந்தபோதுதான் தாளும் மையும் தேவைப்பட்டன.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். உங்கள் மூன்று தளர்வுகளையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

முதல் டீயில் இரண்டாவது பந்து, அதாவது மல்லிகன், பெரிய பாவமில்லை. காரிலிருந்து இறங்கி உடம்பு சூடாகும் முன்னே அடிக்கிற அடி அது. எல்லோருக்கும் ஒன்று, முதல் டீயில் மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டால் சண்டை வராது. பதினோராவது ஹோலில் ஒருவருக்குத் திடீரென்று மல்லிகன் ஞாபகம் வரும்போதுதான் முகங்கள் மாறும். நீங்கள் "எடுத்துக்கோ" என்று விடும் பட், அதாவது கிம்மியும் அப்படித்தான், அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. பின்னால் இரண்டு குழுக்கள் காத்துக்கொண்டிருக்கும்போது 1 அடி பட்டுக்குக் குனிந்து நாலாபக்கமும் பார்ப்பவரைவிட, பந்தை எடுத்துக்கொண்டு நகர்பவர் எனக்குப் பிடித்தமானவர்.

ரஃப்பில் பந்தை நகர்த்துவதுதான் எனக்குப் பிடிக்காதது. ஒழுக்கக் காரணத்துக்காகச் சொல்லவில்லை. புல்லில் அமுங்கிய பந்தை எடுக்கவே நீங்கள் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். எட்டு மாதம் நல்ல இடத்தில் வைத்து அடித்துவிட்டு, மெடல் அன்று முதல்முறையாக அசல் ரஃப்பைச் சந்தித்தால் என்ன ஆகும்? கிளப் புல்லில் சிக்கித் திரும்பும், பந்து 10 கஜம் போகும், அப்புறம் அன்றைய நாள் முழுக்க அந்த எரிச்சல்தான். மழைக்காலத்தில் ஃபேர்வே, அதாவது குட்டையாக வெட்டிய நடுப்புல்வெளி, சேறாக இருக்கும்போது கமிட்டியே "பந்தை எடுத்துத் துடைத்து, இவ்வளவு தூரத்துக்குள் வைத்து ஆடலாம்" என்று உள்ளூர் விதி போடும். அது வேறு. அதுகூடப் பெரும்பாலும் ஃபேர்வே அளவு வெட்டிய புல்லுக்குத்தான், ரஃப்புக்கு இல்லை.

தொலைந்த பந்துக்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். அசல் விதிப்படி, தேட ஆரம்பித்து 3 நிமிடத்தில் பந்து கிடைக்காவிட்டால் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்கோடு (தண்டனையாகச் சேரும் அடி) முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். டீயிலிருந்து அடித்த முதல் பந்தே தொலைந்தால், மறுபடி டீயிலிருந்து அடிப்பது உங்கள் மூன்றாவது ஸ்ட்ரோக். ஞாயிறு ஆட்டத்தில் யாரும் திரும்பி நடப்பதில்லை. தொலைந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றைப் போட்டு, ஒரு ஸ்ட்ரோக் சேர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கணக்கில் அது ரொம்ப மலிவு. 2019-இல் விதிகளைத் திருத்தி எழுதியபோது உலக கோல்ஃப் விதிகளை எழுதும் ஆர் அண்ட் ஏ-யும் யு.எஸ்.ஜி.ஏ-யும் இதற்கென்றே ஒரு மாதிரி உள்ளூர் விதியைக் கொடுத்தார்கள்: இரண்டு பெனால்டி ஸ்ட்ரோக், தொலைந்த இடத்துக்கு நேராக ஃபேர்வே ஓரம் வரை வந்து டிராப் செய்துகொள்ளலாம் (பந்தைக் கையிலிருந்து கீழே விடலாம்), குழிக்குக் கிட்டே போகக்கூடாது. அங்கிருந்து அடிப்பது நான்காவது. உயர்மட்டப் போட்டிகளுக்கு இது பொருந்தாது என்று அவர்களே சொல்கிறார்கள். நான்கு பேர் ஞாயிறு ஆட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கிம்மியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் கதையும் அதில்தான் இருக்கிறது.

"எடுத்துக்கோ" என்பது விதிக்குப் புறம்பான சொல் அல்ல. மேட்ச் பிளேயில், அதாவது ஹோலுக்கு ஹோல் ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டத்தில், எதிராளியின் அடுத்த பட்டை விட்டுக்கொடுக்கலாம் என்று விதிப்புத்தகமே சொல்கிறது. விட்டுக்கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது; வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது. அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1969 ரைடர் கோப்பையில் ராயல் பர்க்டேலில் கடைசி ஹோலில் ஜாக் நிக்லாஸ், டோனி ஜாக்லினின் சுமார் 2 அடி பட்டை விட்டுக்கொடுத்தார். தவறவிட்டிருந்தால் அமெரிக்கா ஜெயித்திருக்கும். 16–16 என்று அந்தக் கோப்பையின் முதல் சமநிலை வந்தது. கோல்ஃப் உலகம் இன்றுவரை கொண்டாடும் அந்தச் செயல், விதிப்படி பார்த்தால், உங்கள் ஞாயிற்றுக்கிழமை "எடுத்துக்கோ"வேதான்.

மெடல் என்பது ஸ்ட்ரோக் பிளே, மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம். அங்கே உங்கள் எதிராளி ஒருவர் அல்ல, களத்தில் இருக்கும் அத்தனை பேரும். உங்களோடு நடப்பவர் அவர்கள் சார்பில் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் என் மூன்றாவதோ நான்காவதோ மெடலில், பதினைந்தாவது கிரீனில் (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) என் பந்து குழிக்கு ஒரு அடியில் நின்றபோது, வருஷக்கணக்காக என்னோடு ஞாயிற்றுக்கிழமை ஆடும் நண்பர் பழக்கதோஷத்தில் "எடுத்துக்கோப்பா" என்றார். நான் பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன். பேசிக்கொண்டே அடுத்த டீக்குப் போனோம், அடித்தோம். ஃபேர்வேயில் பாதி தூரம் நடந்தபிறகுதான் மூன்றாவது ஆள் தயங்கித் தயங்கி, "சார், நீங்க அந்தப் பந்தை உள்ளே போடலையே" என்றார். கிரீனிலேயே நினைவு வந்திருந்தால் ஒரு பெனால்டியோடு பந்தைத் திரும்ப வைத்துப் போட்டிருக்கலாம். அடுத்த டீயில் அடித்த பிறகு வழியே இல்லை, தகுதி நீக்கம்தான். அன்று நான் என் வாழ்க்கையின் நல்ல ஸ்கோர்களில் ஒன்றில் இருந்தேன் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே மெடலுக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளில் கிம்மி இல்லாமல் ஆடிப் பாருங்கள். 2 அடி பட் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும்.

இனி ஹேண்டிகேப். சத்தமில்லாமல் கெடுவது இங்கேதான். 2020-இலிருந்து உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை; கடைசி 20 ஸ்கோர்களில் சிறந்த 8-இன் சராசரியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். நட்பு ஆட்டத்தின் ஸ்கோரையும் பதியலாம், ஆனால் அது விதிப்படி ஆடியதாக இருக்க வேண்டும், கூட ஒருவராவது இருந்திருக்க வேண்டும். மல்லிகனும் நகர்த்தலும் சேர்த்து ஒரு ரவுண்டுக்கு நான்கு ஸ்ட்ரோக் குறைத்து, அதைப் பதிந்தும் வந்தால், நியாயமாக 22-இல் இருக்க வேண்டியவர் 18-இல் போய் நிற்பார். வெளியே சொல்லிக்கொள்ள அழகான எண். போட்டி அன்று அந்த நான்கு ஸ்ட்ரோக்கும் கைகொடுக்காது. எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு: வேண்டுமென்றே ஸ்கோரைப் பெருக்கிப் பதிந்து, பரிசளிப்பு நாளில் "இன்னிக்கு எப்படியோ நல்லா வந்துடுச்சு" என்று சிரிப்பவர்கள். ஒவ்வொரு கிளப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார், எல்லோருக்கும் அவரைத் தெரியும். முதல் வகையினர் ஏமாற்றுவது தங்களைத்தான்.

இந்த முறையே ஒரு சலுகையும் வைத்திருக்கிறது. ஒரு ஹோலில் சொதப்பி 11, 12 என்று போனாலும் ஹேண்டிகேப் கணக்குக்கு அவ்வளவும் போகாது. பாருக்கு (அந்த ஹோலுக்கு வகுத்த அடி எண்ணிக்கை) மேல் இரண்டு, அதோடு அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் ஹேண்டிகேப் ஸ்ட்ரோக், அதுதான் உச்சம். 18 ஹேண்டிகேப்காரருக்கு பார் 4 ஹோலில் அது 7. எனவே நட்பு ஆட்டத்தில் 7-ஐத் தொட்டதும் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம், கணக்கு கெடாது. மேட்ச் பிளேயில் விட்டுக்கொடுத்த பட்டுக்கும் வழி இருக்கிறது: கிரீனில் குழிக்கு 5 அடிக்குள் இருந்தால் ஒரு ஸ்ட்ரோக் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். ஹோலுக்கு ஹோல் புள்ளி போடும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையும் இப்படியான மனிதர்களுக்காக வந்ததுதான். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் அறிமுகப்படுத்தினார். ஒரு ஹோல் நாசமானால் அதற்குப் புள்ளி இல்லை, அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போகலாம். உங்கள் ஞாயிறு குழுவுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். விதியை வளைக்காமலே வேகமாக ஆடலாம்.

அந்த மூத்தவர் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. விதிப்புத்தகம் என்றாலே தண்டனைப் பட்டியல் என்று நினைக்கிறோம். பாதிப் புத்தகம் உங்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. பந்து நடைபாதையில் நின்றாலோ தண்ணீர் தெளிப்பான் மூடிமேல் நின்றாலோ இலவச டிராப். மழைநீர் தேங்கியிருந்தால், எலி வளையில் விழுந்தால், விழுந்த வேகத்தில் தரையில் புதைந்துவிட்டால் எல்லாம் இலவசம். பங்கரில், அதாவது மணல்குழியில், கிடக்கும் இலைதழை, கல்லை எடுத்துப் போடலாம். கிரீனில் பந்து தற்செயலாகக் கால் பட்டு நகர்ந்தால் தண்டனை இல்லை, திருப்பி வைத்துவிடலாம். ஷூ ஆணி கீறிய தடத்தைச் சரிசெய்யலாம். கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் காட்டெருமைகள் சாவகாசமாக மேயும். கிரீனில் அவற்றின் குளம்புத் தடம் இருந்தால் அதையும் தட்டிச் சமப்படுத்தலாம். ஃபேர்வேயில் குளம்புப் பள்ளத்தில் பந்து நின்றால் மட்டும், கமிட்டி தனியாக எதுவும் சொல்லியிருக்காவிட்டால், அப்படியே ஆட வேண்டியதுதான்.

குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு போனால்? பழைய கல்கத்தாவில் "குரங்கு போட்ட இடத்திலிருந்தே ஆடு" என்று வெள்ளைக்காரர்கள் விதி வைத்திருந்தார்கள் என ஊக்கப் பேச்சாளர்கள் மேடைதோறும் ஒரு கதை சொல்வார்கள். வாழ்க்கைத் தத்துவத்துக்கு அது நன்றாக இருக்கும். விதிப்புத்தகத்துக்கு அவ்வளவு தத்துவம் கிடையாது: நின்றிருந்த பந்தைக் குரங்கோ நாயோ காக்கையோ நகர்த்தியது நிச்சயம் என்றால், பந்தைப் பழைய இடத்தில் வைத்து ஆடுங்கள்; பந்தே போய்விட்டால் வேறு பந்து வையுங்கள். தண்டனை இல்லை.

இதெல்லாம் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் தங்களுக்கு உரிமையில்லாத சலுகையை எடுத்துக்கொள்கிறார்கள், மெடலில் உரிமையுள்ள சலுகையை விட்டுவிடுகிறார்கள். நடைபாதையில் நின்ற பந்தைப் புது கிளப்பால் அடித்துக் கீறல் வாங்கிய ஒருவரை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை: மூத்தவர்கள் சொல்லும் விதி சில சமயம் 2018-ஓடு நின்றுபோன விதியாக இருக்கும். தேட 5 நிமிடம், தோள் உயரத்திலிருந்து டிராப், பட் பண்ணும்போது கொடியை எடுத்தே ஆக வேண்டும் என்பார்கள். மூன்றும் 2019-இல் மாறிவிட்டன. இப்போது தேட 3 நிமிடம், டிராப் முழங்கால் உயரத்திலிருந்து, கொடி குழியிலேயே இருக்கலாம். பழைய ஞாபகத்தில் தோள் உயரத்திலிருந்து போட்டு அப்படியே ஆடிவிட்டால் ஒரு பெனால்டி. பணிவாகக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தில் சரிபாருங்கள்.

மெடல் அன்று கவனிக்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை அடி சம்பந்தப்பட்டவையே அல்ல, பழக்கம் சம்பந்தப்பட்டவை. பந்து தொலைந்திருக்கும் என்று சந்தேகப்பட்டால் முன்னே போகும் முன்பே இரண்டாவது பந்தை அடிக்க வேண்டும், ஆனால் "இது ப்ரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு. "இன்னொன்று அடிக்கிறேன்" என்றால் போதாது. அப்படிச் சொல்லி அடித்தால் முதல் பந்து ஃபேர்வே நடுவில் கிடந்தாலும் செத்த பந்துதான். இரண்டாவதுதான் ஆட்டத்தில் உள்ள பந்து. நண்பரிடம் "என்ன கிளப்டா அடிச்சே?" என்று கேட்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. நீங்கள் இன்னும் அடிக்காதபோது கேட்டால் அது ஆலோசனை கேட்பது, இரண்டு ஸ்ட்ரோக். தூரம் எவ்வளவு என்று கேட்கலாம், அது பொதுத் தகவல்.

பை தூக்கி வரும் கேடியிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நம் ஊர்க் கேடிகள் நல்லெண்ணத்தில் செய்யும் உதவி போட்டியில் உயிரை வாங்கும். "நல்லா உக்காந்திருக்கு சார்" என்று குரல் வரும். பந்து உட்கார்ந்ததா, உட்காரவைக்கப்பட்டதா என்பது கேடியின் காலுக்குத்தான் தெரியும். அவர் செய்வது உங்கள் கணக்கில்தான் ஏறும். "இன்னிக்கு மெடல், பந்தைத் தொடாதீங்க அண்ணே" என்று முதல் டீயிலேயே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் புரிந்துகொள்வார். பையில் 14 கிளப்புக்கு மேல் இல்லை என்று இரண்டு பேருமாக எண்ணிவிடுங்கள். 2001 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் இயன் வூஸ்னம் கடைசி நாள் முன்னிலையில் பங்குபோட்டுக்கொண்டு கிளம்பி, இரண்டாவது டீயில்தான் பையில் இரண்டு டிரைவர் மட்டை இருப்பதைத் தெரிந்துகொண்டார். 15 கிளப், இரண்டு ஸ்ட்ரோக்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் உள்ளூர் விதித்தாளைப் படியுங்கள். 2010 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் டஸ்டின் ஜான்சன் கடைசி ஹோலில் பார்வையாளர்கள் மிதித்த மணல்திட்டு என்று நினைத்துக் கிளப்பைத் தரையில் ஊன்றினார். விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸில் அப்படிப்பட்ட எல்லா மணலும் பங்கர்தான் என்று தாளில் போட்டிருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் போனது, சமநிலையைத் தீர்க்கும் பிளே-ஆஃபும் போனது.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றால் பதற வேண்டாம். ஸ்ட்ரோக் பிளேயில் அருமையான ஒரு வழி இருக்கிறது: அடுத்த அடிக்கு முன்பே "இரண்டு பந்து ஆடப்போகிறேன், விதி அனுமதித்தால் இந்தப் பந்துதான் எண்ணப்பட வேண்டும்" என்று மார்க்கரிடம் (உங்கள் ஸ்கோரை எழுதுபவர்) சொல்லி, இரண்டையும் அந்த ஹோல் முடியும்வரை ஆடி, இரண்டு ஸ்கோரையும் குறித்துக்கொள்ளுங்கள். கார்டைக் கொடுக்கும் முன் கமிட்டியிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். இரண்டிலும் ஒரே ஸ்கோர் வந்தாலும்கூட. எது செல்லும் என்று அவர்கள் தீர்த்துக்கொள்வார்கள். மேட்ச் பிளேயில் இது கிடையாது.

கடைசியாகக் கார்டு. ஒவ்வொரு ஹோலின் எண்ணுக்கும் நீங்கள்தான் பொறுப்பு, கூட்டலுக்கு இல்லை. குறைத்து எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் தகுதி நீக்கம். கூட்டி எழுதினால் கூடுதல் எண்ணே நிற்கும். 1968 மாஸ்டர்ஸில் ரொபெர்டோ டி விசென்சோ பதினேழாவது ஹோலில் 3 எடுத்தார், மார்க்கர் டாமி ஆரன் 4 என்று எழுதியிருந்தார், விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட்டார். 65 என்பது 66 ஆனது. பாப் கோல்பியோடு பிளே-ஆஃப் ஆட வேண்டியவர் ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார். அன்று அவருக்கு 45-வது பிறந்தநாள். ஜோர்டன் ஸ்பீத் 2024-இல் நேர்மாறாக, 4 எடுத்த பார் 3 ஹோலுக்கு 3 என்று கையெழுத்திட்டுத் தகுதி இழந்தார். வருஷம் முழுக்க இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கே இந்த நிலை. ஒரு நிழலில் உட்கார்ந்து, மார்க்கரோடு ஹோல் ஹோலாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஒன்றில் மட்டும் கிண்டலுக்கு இடமில்லை. போட்டியில் "விடுப்பா, யார் பார்க்கப்போறாங்க" என்று இரண்டு பேர் சேர்ந்து தெரிந்தே ஒரு விதியை விட்டுவிட ஒப்புக்கொண்டால், ரவுண்டு தொடங்கிய பிறகு, இன்னும் எதையும் செய்யாதபோதும், இருவருமே வெளியே. 1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் ரஃப்பில் பந்து லேசாக அசைந்தது என்று தன்மேல் தானே ஒரு ஸ்ட்ரோக் போட்டுக்கொண்டார். வேறு யாரும் பார்க்கவில்லை. கடைசியில் வில்லி மக்ஃபார்லேனோடு சமனாகி, பிளே-ஆஃபில் தோற்றார். அந்த ஒரு ஸ்ட்ரோக் இல்லையென்றால் கோப்பை அவர் கையில்.

என் நண்பர் இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடுதான் ஆடுகிறார், 2 அடிக்குள் எல்லாவற்றையும் தாராளமாக விட்டுக்கொடுக்கிறார். மெடல் நாளில் நான் கிரீனில் கால் வைத்தால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார்.